ஓடுகிற கியரும் சாட்சி சொல்லும்

அமெரிக்காவின் கியர்பாக்ஸ் பட்டறைகளில் நெடுங்காலமாகக் கேட்டுவரும் புகார் ஒன்று உண்டு. வண்டி பெரும்பாலும் ஷெவர்லே பிக்கப்பாகவோ அந்த வகையறாவாகவோ இருக்கும். “எடுத்ததும் நன்றாகத்தான் நகர்கிறது. கொஞ்சம் வேகம் ஏறியதும் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி கூட வருவதில்லை. அப்புறம் ஓரிடத்தில் பிடித்துக்கொள்கிறது. ரிவர்ஸ் சுத்தமாக இல்லை.” தேர்ந்த மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், உள்ளே எந்த உதிரி உடைந்திருக்கிறது என்று பெயர் சொல்லிவிடுவார். பெட்டியைப் பிரித்தால் பெரும்பாலும் அதுதான் உடைந்திருக்கும்.

கண்ணால் காணாத ஒன்றை ‘இதுதான்’ என்று சொல்ல ஒருவருக்கு எப்போது உரிமை வருகிறது? மெக்கானிக்குக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல இது. தமிழில் சமய விவாதம் நடந்த இடமெல்லாம் முதலில் எழுந்த கேள்வி. கடவுள், உயிர், முன்வினை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவற்றைப் பற்றி வாய் திறக்கும் முன் எதை அறிவு என்று ஏற்பது, எதைத் தள்ளுவது என்று பேசித் தீர்த்தாக வேண்டியிருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறைவன் உண்டு என்ற வாதத்துக்குள் நுழையும் முன் அளவை, அதாவது அறியும் வழி, பற்றிய பகுதியைத்தான் வைக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆவது காதையில், வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கர்களிடம் மணிமேகலை ஒவ்வொருவராகச் சென்று கேட்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவை வாதி. அவன் அறிவுக்கு வாயில்கள் பத்து என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டும் தருகிறான். அந்தப் பத்தில் ஒன்று அபாவம். ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்பதை அறிவதும் ஓர் அறிவுதான் என்கிறது அது.

ரிவர்ஸ் இல்லை என்பதும் அப்படி ஓர் அறிவு. அதன் மதிப்பு என்ன என்பதைப் புரிந்துகொள்ள, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

பிளானட்டரி கியர் தொகுதி ஒன்றில் மூன்று உறுப்புகள். நடுவில் சன் கியர். அதைச் சுற்றி ஓடும் சின்னப் பல்சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கேரியர். வெளியே, உட்புறம் பல் வைத்த ரிங் கியர். மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, இன்னொன்றைச் சுழற்றினால் மூன்றாவதில் வேகம் மாறி வெளியே வரும். எதை நிறுத்துகிறோம், எதைச் சுழற்றுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் குறையலாம், கூடலாம், எதிர்த்திசையில் திரும்பலாம். இரண்டு உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டிவிட்டால் மொத்தத் தொகுதியும் ஒரே கட்டியாகச் சுழலும். நிறுத்துவதும் பூட்டுவதும் கிளட்சுகளும், டிரம் என்ற உருளையைச் சுற்றி இறுக்கும் பட்டையான பேண்டும் செய்கிற வேலை. ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கும், அவ்வளவுதான்.

ஃபோர்டின் மாடல் டி காரில், 1908-லேயே, பிளானட்டரி வகைக் கியர் இருந்தது. ஆனால் அதில் பேண்டை இறுக்கியது ஓட்டுபவரின் கால். தரையில் மூன்று பெடல்கள், மூன்று பேண்டுகள். எந்தப் பெடலை மிதிக்கும்போது வழுக்குகிறதோ அந்தப் பேண்டு தேய்ந்திருக்கிறது. அதைக் கையால் இறுக்கிக்கொள்ளலாம். ஓட்டுபவரின் காலுக்கும் பழுதுக்கும் நடுவே எதுவும் இல்லை. 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ஹைட்ரா-மேட்டிக் வந்தபோது காலின் இடத்தை ஆயிலும் வால்வுகளும் எடுத்துக்கொண்டன. ஓட்டுவது எளிதாயிற்று. பழுதின் காரணம் கண்ணிலிருந்து விலகிப் போயிற்று. கருதல் அளவைக்கு, அதாவது ஒன்றைக் கொண்டு இன்னொன்றை உய்த்து அறிவதற்கு, பட்டறையில் வேலை வந்தது அன்றைக்குத்தான்.

மேலே சொன்ன பிக்கப்பில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ. அதன் மூத்தது 1982-இல் வந்த 700ஆர்4. உள்ளே இரண்டு பிளானட்டரித் தொகுதிகள், ஐந்து கிளட்சுகள், ஒரு பேண்டு, ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் உறுப்புகள் இரண்டு. முன்னோக்கி நான்கு கியர்கள்: 3.06, 1.63, 1.00, 0.70. ரிவர்ஸ் 2.29.

இந்த ஐந்து எண்களைச் சற்று உற்றுப் பார்க்கலாம். 2.29-ஐ 3.29-ஆல் வகுத்தால் 0.70 வருகிறது. தற்செயல் அல்ல. ரிவர்ஸும் நான்காவது கியரும் பின் தொகுதியின் ஒரே சன் கியர், ஒரே ரிங் கியர் ஆகியவற்றின் பற்களிலிருந்து பிறக்கின்றன. ரிவர்ஸில் கேரியர் நின்றுகொள்ள, சன் கியர் சுழல்கிறது. நான்காவதில் சன் கியர் நிற்க, கேரியர் சுழல்கிறது. இரண்டாவது கியரின் 1.63-உம் அந்தச் சன் கியர் நிற்பதால் வருவதே. 3.06, 2.29 என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும். ராபர்ட் வில்லிஸ் 1841-இல் வெளியிட்ட நூலில் வகுத்த கணக்கு முறையால் 1.63, 0.70 இரண்டையும் தாளில் போட்டே எடுத்துவிடலாம். உற்பத்தியாளரின் பட்டியலில் அச்சாகியிருக்கும் அந்த எண்களே, உள்ளே எந்த உறுப்பு எந்தெந்தக் கியருக்குப் பொது என்று சொல்லிவிடுகின்றன.

இனி நோய்க்கு வரலாம். இரண்டு இல்லை, நான்கு இல்லை, ரிவர்ஸ் இல்லை. மூன்றிலும் பின் சன் கியருக்கு வேலை உண்டு. அந்தச் சன் கியரை முன்னால் உள்ள டிரம்மோடு இணைப்பது மணி வடிவில் ஒரு எஃகுக் கூடு. சன் ஷெல் என்பார்கள். அதன் கழுத்தில் வெட்டிய பற்கள் மழுங்கிப் போனாலோ, கழுத்தே விண்டு போனாலோ, டிரம்மைப் பேண்டு பிடித்தாலும் சன் கியர் நிற்காது. டிரம்மைக் கிளட்ச் சுழற்றினாலும் சன் கியர் சுழலாது. மூன்று கியர்களும் ஒருசேரப் போகும்.

இங்கே நிறுத்தினால் அது பாதி வாதம்தான். மீதிப் பாதியைத் தருவது ஓடுகிற கியர்கள். முதல் கியர் ஓடுகிறது. அதில் சன் ஷெல் எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. மூன்றாவது ஓடுகிறது, அதில் முன் தொகுதி ஒரே கட்டியாகப் பூட்டப்படுகிறது, சன் ஷெல் சும்மா கூடச் சுற்றுகிறது. எங்கெல்லாம் அது தேவையோ அங்கெல்லாம் பழுது. எங்கெல்லாம் தேவையில்லையோ அங்கெல்லாம் பழுதில்லை. பேண்டு மட்டும் எரிந்திருந்தால் இரண்டும் நான்கும் போயிருக்கும், ரிவர்ஸ் இருந்திருக்கும். ரிவர்ஸ் கிளட்ச் மட்டும் போயிருந்தால் ரிவர்ஸோடு கதை முடிந்திருக்கும். மின்சுற்றில் கோளாறு என்றால் இந்தப் பெட்டி மூன்றாவது கியரில் போய் நின்றுகொள்ளும். முதல் கியர் கிடைக்காது, ரிவர்ஸ் கிடைக்கும். இப்போதைய நிலை அதற்கு நேர்மாறு.

இதற்கு நம் தருக்க நூல்களில் அன்வயம், வெதிரேகம் என்று பெயர். இது உள்ள இடத்தில் அது உண்டு. இது இல்லாத இடத்தில் அது இல்லை. 1843-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தருக்க நூலில் இதையொத்த முறையை வகுத்தார். மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்தத் தருக்கம், நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு நெருங்கி ஒத்துப்போவது. ஓர் ஏது, அதாவது முடிவுக்குக் காட்டும் காரணம், செல்லுபடியாக மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்கிறது அது. ஆராயும் பொருளில் அந்த ஏது இருக்க வேண்டும். ஒத்த பிற இடங்களிலும் இருக்க வேண்டும். மாறான இடங்களில் இல்லாதிருக்க வேண்டும். முதல் இரண்டும் மனித மனத்துக்குத் தாமாகவே வரும். மூன்றாவதற்குத்தான் உழைப்பு தேவை. பட்டறையில் ஏமாறும் பணத்தில் பெரும்பகுதி, அந்த மூன்றாவது நிபந்தனையைச் சோதிக்காததால் போவது. சமய வாதங்களில் வீணான காலத்தையும் அதே கணக்கில் எழுதலாம்.

வாதம் இத்தனை கச்சிதமாக இருந்தும் ஓர் ஓட்டை இருக்கிறது. பேண்டும் ரிவர்ஸ் கிளட்சும் தனித்தனியாக, ஒரே காலத்தில் எரிந்திருந்தால்? அப்போதும் இதே மூன்று கியர்கள்தான் போகும். இரண்டு காரணம் கற்பிப்பதைவிட ஒன்று கற்பிப்பது மேல் என்று நியாய நூலார் சொல்வார்கள். லாகவம் என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். ஆனால் லாகவம் எதை முதலில் சந்தேகிக்கலாம் என்று காட்டுமே தவிர, எது உண்மை என்று நிறுவாது. உலகம் நமக்குச் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை.

ஆகவே நல்ல மெக்கானிக் அங்கேயும் நிற்பதில்லை. ஆயில் பேனை இறக்குகிறார். பேண்டும் கிளட்சும் எரிந்திருந்தால் பேனின் அடியில் கறுத்த உராய்வுத் தூள் படிந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் எரிந்தது என்ற கட்சி பலவீனமாகிறது. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசைபோல ஒட்டியிருப்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கிற தேய்மானம். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. எஃகுச் சிலாம்பு கிடந்தால் அது வேறு செய்தி. பிறகு வால்வு பாடியைக் கழற்றிவிட்டு, பேண்டை இறுக்கும் சர்வோவின் ஆயில் வழியில் அளவான அழுத்தத்தில் காற்றைச் செலுத்துகிறார். பேண்டு டிரம்மைக் கவ்வுவது கண்ணுக்குத் தெரியும். கிளட்ச் வழியில் செலுத்தினால் பிஸ்டன் நகரும் ‘தப்’ என்ற ஒலி காதுக்கு வரும். வெறும் ‘உஸ்’ என்று வந்தால் சீல் போயிருக்கிறது. பேண்டும் கவ்வுகிறது, பிஸ்டனும் நகர்கிறது, பேனில் கருந்தூளும் இல்லை. இப்போதுதான் சன் ஷெல்லை அவர் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட முடியும்.

இந்தச் சோதனைகள் எதுவும் சன் ஷெல்லைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாமே அதன் போட்டியாளர்களைத் தொட்டவை. ஓர் ஊகம் அறிவாக மாறுவது, அதற்குச் சாதகமான அடையாளங்களைக் குவிப்பதால் அல்ல. அது பொய்யானால் வேறு எது உண்மையாக இருக்கும் என்று கேட்டு, அந்த வேறு ஒவ்வொன்றையும் நேர்மையாகச் சோதித்துப் பார்ப்பதால். இந்தக் கட்டுரை அழுத்திச் சொல்ல வருவதும் அதையே.

சாதகமான அடையாளம் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு ஆயிலின் நிறம் நல்ல உதாரணம். ஆயில் கறுத்திருக்கிறது, கருகல் வாடை அடிக்கிறது, ஆகவே கிளட்ச் எரிந்துவிட்டது. உலகம் முழுக்கச் சொல்லப்படும் வாதம் இது. ஆனால் கிரைஸ்லர் தன் ஏடிஎஃப்+4 ஆயிலைப் பற்றி வாகனக் கையேடுகளிலேயே வேறு விதமாக எழுதியிருக்கிறது. சிவப்புச் சாயம் நிலைத்து நிற்காது, ஓட ஓட ஆயில் பழுப்பாகும், வாடையும் நாளாவட்டத்தில் மாறும், ஆகவே நிறத்தையோ வாடையையோ கொண்டு ஆயிலின் நிலையை முடிவு செய்ய முடியாது என்கிறது அந்த நிறுவனம். அப்படியானால் கறுத்த நிறம், எரிந்த கிளட்ச் உள்ள பெட்டியிலும் இருக்கும், நல்ல பெட்டியிலும் இருக்கும். மணிமேகலை ஏதுப்போலிகளை வகைப்படுத்தும்போது இதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது: அநைகாந்திகம். சொல்ல வந்தது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் காரணம். பார்ப்பதற்கு ஏது மாதிரியே இருக்கும். ஏது ஆகாது.

சத்தத்தின் கதை இதற்கு எதிர். அங்கே நல்ல ஏது ஒன்று ஒளிந்திருக்கிறது, காது அதைத் தவற விடுகிறது. காட்டுக்குள் யானையின் ஒலியைக் கேட்டு, அங்கே யானை உண்டு என்று தெளிவதை அளவை வாதி கருதலின் ஒரு வகையாகச் சொல்கிறான். கியர்பாக்ஸில் ‘ஊ’வென்று ஊளையிடும் ஒலி கேட்டால் பிளானட்டரி போய்விட்டது என்று பலரும் தெளிந்துவிடுகிறார்கள். ஆனால் ஊளையிடக்கூடியவை உள்ளே பல: ஆயில் பம்ப், டார்க் கன்வெர்ட்டர், பேரிங், பின்னால் டிஃபரன்ஷியல். பிரித்தறிய வழி, ஒலி எப்போது நின்றுபோகிறது என்று கேட்பது. டர்போ ஹைட்ராமேட்டிக் 400 போன்ற மூன்று கியர்ப் பெட்டியில் மூன்றாவது நேர் கியர். அதில் பிளானட்டரி ஒரே கட்டியாகச் சுழல்வதால் பல்லோடு பல் உரசி ஓடுவதில்லை. முதல் இரண்டு கியர்களில் ஊளையிட்டு, மூன்றாவதில் அமைதியானால் சந்தேகம் பிளானட்டரி பக்கம் வலுக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பம்ப்பையும் கன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும். நியூட்ரலில் உருளும்போதும் சக்கர வேகத்தோடு ஒட்டி வந்தால் தேட வேண்டிய இடம் பின்பக்கம். இங்கேயும் தீர்ப்பு எழுதுவது ஒலி அல்ல, ஒலி இல்லாத நேரம்.

இத்தனை சுற்றிவளைப்பு எதற்கு, பிரித்துப் பார்த்துவிட்டால் ஆயிற்றே என்று கேட்கலாம். மணிமேகலை சந்திக்கும் பூதவாதி அப்படித்தான் கேட்கிறான். கண்கூடு ஒன்றே அளவை, கருத்தளவை நில்லாது என்பது அவன் கட்சி. அவனை எள்ளி ஒதுக்கிவிடக் கூடாது. பெட்டியைப் பிரிக்காமலே ஆயிரம் காரணம் சொல்கிறவர்கள் நிறைந்த உலகில், ‘காட்டு, பார்க்கிறேன்’ என்பது ஆரோக்கியமான குரல். ஆனால் பெட்டி பிரிக்கப்பட்டு மேசை மேல் விரிந்த பிறகுதான் பூதவாதிக்கு உண்மையான சோதனை வருகிறது.

இதே 4எல்60-இ பெட்டியில் அடிக்கடி எரிவது, மூன்று-நான்கு கிளட்ச் எனப்படும் தொகுதி. பிரித்தவர் எடுத்துக் காட்டுகிறார்: உராய்வுப் பொருள் முழுக்க உதிர்ந்து, எஃகுப் பிளேட்டுகள் நீலம் பாரித்து, சில இடங்களில் வளைந்து கிடக்கின்றன. கண்ணுக்கு முன் கண்கூடாக இருக்கிறது. கண் என்ன சொன்னது? எரிந்தது என்று சொன்னது. ஏன் எரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீல் ரிங் இறுகிப்போய் ஆயில் கசிந்து, பிஸ்டனுக்கு அழுத்தம் போதாமல் பிளேட்டுகள் வழுக்கியிருக்கலாம். டிரம்மின் உள்ளே இருக்கும் சிறிய பந்து வால்வு சரியாக மூடாமல் இருந்திருக்கலாம். தாங்க முடியாத பாரத்தை வண்டி மாதக்கணக்கில் இழுத்திருக்கலாம். மூன்றிலும் எரிந்த பிளேட் ஒரே மாதிரிதான் இருக்கும். புதுப் பிளேட் போட்டு மூடிவிட்டால், கசிவு இருந்த பெட்டியில் அந்தப் புதுப் பிளேட்டும் எரியும்.

ஆக, கருதலுக்கு முடிவு காட்சி என்று நினைப்பது தவறு. காட்சி இன்னொரு கருதலுக்குத் தொடக்கம். சைவ சித்தாந்திகள் காட்சியிலேயே ஐயக் காட்சி, திரிவுக் காட்சி என்று பிரித்து எச்சரித்தது வெறும் இலக்கணப் பற்றால் அல்ல.

உரை, அதாவது நம்பத் தகுந்தவர் சொல், என்ற மூன்றாவது அளவைக்கும் இதே கதி உண்டு. அருணந்தியார் பலரும் சொல்லும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடுகிறார். பட்டறையில் உரை இப்போது ஸ்கேனர் வடிவில் வருகிறது. 4எல்60-இ வண்டிகளில் பி1870 என்ற குறியீடு பிரசித்தம். பெட்டிக்குள் ஏதோ ஓர் உறுப்பு வழுக்குகிறது என்பது அதன் பொருள். கணினி பார்த்தது சுழற்சி வேகங்களுக்கு இடையே ஒரு வித்தியாசத்தை மட்டும். அதைப் படித்துவிட்டு டார்க் கன்வெர்ட்டரை மாற்றியவர்கள் பலர். அதே குறியீடு திரும்பவும் வந்தது. உண்மையான இடம் பெரும்பாலும் வால்வு பாடியில் இருந்தது. கன்வெர்ட்டரின் உள் கிளட்சுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக்க இடைவிடாமல் முன்னும் பின்னும் துடிக்கும் ஒரு சிறிய வால்வு, தான் அமர்ந்திருக்கும் அலுமினியத் துளையைத் தானே தேய்த்துவிடுகிறது. ஆயில் அங்கே கசிகிறது, அழுத்தம் குறைகிறது, கிளட்ச் வழுக்குகிறது. கணினி பொய் சொல்லவில்லை. சொன்னதற்கு மேல் கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஆகமம் எதைச் சொல்ல வந்தது, எதைச் சொல்ல வரவில்லை என்று பிரித்துக்கொள்ளாமல் அதன் பெயரால் முடிவு எடுப்பவர்கள் செய்வதும் இதையேதான்.

உரையின் போலி ஒன்றும் உண்டு. அளவை வாதியின் பட்டியலில் ஐதிகம் என்று ஒன்று வருகிறது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை நம்பித் தெளிவது அது. “இந்த மாடலில் சன் ஷெல்தான் போகும்” என்று அனுபவசாலிகள் சொல்வது, சொல்லப்படும் விதத்தில் ஐதிகத்துக்கு மிக நெருக்கமானது. வேறுபாடு என்னவென்றால், மெக்கானிக்குகளின் இந்த வழக்குக்குப் பின்னால் பிரித்துப் பார்த்த எண்ணற்ற பெட்டிகள் இருக்கின்றன. அது எங்கே தேடத் தொடங்கலாம் என்று சொல்லும் நல்ல வழிகாட்டி. தேடலை அங்கேயே முடித்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் பேயும் அதுவும் ஒன்றுதான்.

கடைசியாக, கடினமான கேள்வி மிச்சமிருக்கிறது. பிளேட் எரிந்ததற்குக் காரணம் அழுத்தக் குறைவு. அழுத்தக் குறைவுக்குக் காரணம் கசிவு. கசிவுக்குக் காரணம் சீல் இறுகியது. இறுகியதற்குக் காரணம் சூடு. சூட்டுக்குக் காரணம் மலைப்பாதையில் இழுத்த பாரம், அடைபட்ட கூலர், மாற்றாத ஆயில். இப்படியே போனால் எங்கே நிறுத்துவது? எந்தக் கண்ணியை முதல் என்பது?

நம்மில் பலர் சோர்ந்துபோகும் இடம் இதுதான். சோர்ந்தவர் வாயில் வரும் சொல் விதி. வண்டிக்கு ராசியில்லை, வாங்கிய நேரம் சரியில்லை. சமயம் கற்பித்தது இதைத்தான் என்று நினைப்பது சமயத்துக்குச் செய்யும் அநீதி. மணிமேகலையின் கடைசிக் காதை பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடியும் பன்னிரண்டு கண்ணிகளைச் சொல்கிறது. அதைச் சொல்லிவிட்டு அழச் சொல்லவில்லை. மீளும் வழியையும் அதே ஒழுங்கில் சொல்கிறது. ஒன்று மீள, அதைச் சார்ந்த அடுத்தது மீளும். பேதைமைக்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடிக்கொண்டே போவது அங்கே நோக்கம் அல்ல. எங்கே அறுத்தால் துன்பம் மறுபடி தோன்றாதோ அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே நோக்கம். முதல் என்பது வரிசையில் மிகப் பழையது என்று பொருள்படாது. அறுக்க வேண்டியது, அறுத்தால் திரும்பாதது என்று பொருள்படும்.

சைவ சித்தாந்தம் இதே இடத்துக்கு வேறு பாதையில் வருகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டச் சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். சடப்பொருள் தானாக இயங்காது, அறிவுள்ள ஒருவன் வேண்டும் என்பது அவர்கள் இறைவனை நோக்கி வைக்கும் வாதம். அந்த வாதம் இறைவனை நிறுவுகிறதா என்பது தனி விவாதம். ஆனால் பழுதைப் பற்றி யோசிக்கும்போது அந்தப் பிரிவு ஓர் ஒழுங்கைத் தருகிறது. தேய்ந்தது எந்தப் பொருள், தேயச் செய்தது எந்தச் சூழல், அந்தச் சூழலை உண்டாக்கியவர் அல்லது தடுக்காமல் விட்டவர் யார்? முதல் கேள்விக்குப் புது உதிரி பதில். இரண்டாவதற்குச் சீரமைத்த துளையும் சுத்தம் செய்த கூலரும் பதில். மூன்றாவதற்கு ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும்: வடிவமைத்தவர், விற்றவர், ஓட்டியவர், பிரித்து மூடியவர் ஆகியோரில் ஒருவர். சன் ஷெல் விஷயத்தில் அந்தப் பதில் எஃகிலேயே வந்தது. இன்று அந்தப் பெட்டியைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பழைய ஷெல்லுக்குப் பதில் கடினப்படுத்திய, தடித்த கழுத்துள்ள ஷெல்லைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். உடைந்ததைப் போலவே இன்னொன்றை வைத்து மூடுவது காரணத்தை அறிந்தவர் செய்யும் வேலை அல்ல என்று அந்தத் தொழில் தானே கண்டுகொண்டது.

நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்று விற்கப்படும் கார்கள் எல்லாம் ஒரே இனம் இல்லை. சிலவற்றில் இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் இயந்திரம் போடுகிறது. சிலவற்றில் இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் எனப்படும் வகையில்தான் இங்கே பேசிய பிளானட்டரியும் கிளட்சுகளும் முழுவீச்சில் வேலை செய்கின்றன. உங்கள் வண்டி எந்த இனம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன், எந்தெந்தக் கியர் இன்னும் ஓடுகிறது என்று ஓட்டிப் பார்த்து எழுதிவைத்து, அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் ஓர் உதிரியின் பெயரைச் சொன்னால், அது அல்லாமல் வேறு என்னவெல்லாம் இருக்கலாம், அவற்றை எதை வைத்து விலக்கினீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். வேலை முடிந்ததும் பழைய உதிரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது ஏன் போயிற்று, அந்த ஏனுக்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.